புதுச்சேரியின் மூன்று நியமன ஓட்டும் மற்ற நாட்டு ஆட்சிமுறைகளும்

வில்லியனூர் வாசகர் (2025 ஜூலை 20)

நாடாளுமன்ற ஆட்சியா, அதிபர் ஆட்சியா என்று இங்கே பல இழைகள் ஓடிவிட்டன. பெயரை மட்டும் வைத்துப் பேசினால் அவரவர் தனக்குப் பிடித்த நாட்டைச் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஓர் அரசு கவிழ்கிற நாளில் யாருக்கெல்லாம் ஓட்டு உண்டு? எத்தனை ஓட்டு வேண்டும்? கவிழ்த்தவர்களுக்கு மறுநாள் என்ன பொறுப்பு?

நம்மூர்க் கணக்கை முதலில் வைக்கிறேன். 2016 புதுச்சேரிப் பேரவைத் தேர்தலில் காங்கிரஸ் 15, திமுக 2, என்.ஆர். காங்கிரஸ் 8, அதிமுக 4, சுயேச்சை 1. மொத்தம் 30. 2017 ஜூலையில் மத்திய அரசு பாஜகவைச் சேர்ந்த மூவரைப் பேரவை உறுப்பினர்களாக நியமித்தது. அந்தத் தேர்தலில் பாஜகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2019 இடைத்தேர்தலில் தட்டாஞ்சாவடி என்.ஆர். காங்கிரஸிடமிருந்து திமுகவுக்குப் போனது. 2020இல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தகுதிநீக்கம் ஆனார். 2021 ஜனவரி, பிப்ரவரியில் காங்கிரஸில் ஐந்து பேர், திமுகவில் ஒருவர் ராஜினாமா.

காங்கிரஸ் முதலமைச்சர் நாராயணசாமி அவையில் நம்பிக்கை கோரிய பிப்ரவரி 22 காலையில் அவை பலம் 26. ஆளும் தரப்பு சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்த்தரப்பு 14. அந்த 14இல் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11 பேர்தான். மீதி மூவர் நியமனம். மூவரையும் கணக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள்: 23 பேர் அவையில் 12க்கு 11. சபாநாயகர் முதலில் ஓட்டுப் போடமாட்டார், ஆக 11க்கு 11. சமமாக நின்றால் அவர் ஓட்டு முடிவு செய்யும், அரசு தப்பியிருக்கும். ஒரு தொகுதியிலும் ஜெயிக்காத மூன்று ஓட்டு ஓர் அரசின் தலையெழுத்தை மாற்றியது. வேறெந்த நாட்டிலாவது இப்படி உண்டா?

கோர்ட் கட்டு

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாதம். நம் சட்டப்பேரவை அரசமைப்பின் 239ஏ பிரிவின்படி நாடாளுமன்றம் இயற்றிய 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தால் வந்தது. அதன் 3ஆம் பிரிவு: தேர்ந்தெடுக்கப்பட்டவர் 30, மத்திய அரசு மூவர் வரை நியமிக்கலாம், அவர்கள் அரசு ஊழியராக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். கல்வியாளரா, கலைஞரா, தேர்தலில் தோற்றவரா என்று எந்தத் தகுதியும் எழுதவில்லை. மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டும் என்றும் இல்லை.

2018 டிசம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. 12ஆம் பிரிவு வாக்களிக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியமனம் என்று பிரிக்கவில்லை. ஆகவே பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் நியமன உறுப்பினருக்கு ஓட்டு உண்டு என்றது. தீர்ப்பு சட்ட வாசகத்தோடு ஒத்துப்போகிறது. குறை வாசகத்தில்தான் இருக்கிறது.

ஆனால் முழுப் பழியையும் நியமனத்தின் தலையில் கட்டுவதை ஏற்கமாட்டேன். ஆறு பேர் ராஜினாமா செய்யாமல் அந்த மூவரால் ஒன்றும் ஆகியிருக்காது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பலாம் என்ற ஓட்டையை 2003இல் 91ஆம் திருத்தம் அடைத்தது. ராஜினாமா என்ற வழி அடைபடவே இல்லை. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் ராஜினாமா கடிதம் கொடுத்தால் சட்டம் தொடாது. அவை பலம் குறையும், பெரும்பான்மைக் கோடு கீழே இறங்கும், எதிர்த்தரப்பு உட்கார்ந்த இடத்திலேயே பெரும்பான்மை ஆகிவிடும். 2019 கர்நாடகம், 2020 மத்தியப் பிரதேசம், 2021 புதுச்சேரி, மூன்றிலும் இதே வழிதான். கர்நாடகத்தில் சபாநாயகர் 17 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, ஆனால் பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடக்கூடாது என்ற தடையை நீக்கியது. பலர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து மந்திரியும் ஆனார்கள்.

முத்தியால்பேட்டை மணி

அண்ணே, ராஜினாமா பண்றவரு மறுபடி மக்கள்கிட்டதானே போய் நிக்கணும்? அதுல என்ன தப்பு? நியமனம் ஆனவரு யார்கிட்ட போய் நிப்பாரு? ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 2025 ஜூன் கடைசியில மூணு நியமன உறுப்பினரும் ராஜினாமா பண்ணாங்க, ஜூலையில புதுசா மூணு பேர் பதவியேத்தாச்சு. எந்த ஊர்லயும் ஒரு ஓட்டுப்பெட்டிகூட வைக்கல.

காரைக்கால் அரசலாறு

வாசகர் கேட்டதற்கு நேரான பதில் சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 1990 முதல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு, ஒன்பது பேர் வரை. நாடாளுமன்றத் தேர்வுக்குழு பெயர்களைப் பரிந்துரைக்கும், அதிபர் நியமிப்பார். பதவிக்காலம் இரண்டரை ஆண்டு. கட்சி சாராத ஆட்களாகப் பார்த்து எடுப்பதுதான் ஏற்பாடு. விவாதத்தில் பேசலாம், கேள்வி கேட்கலாம், சாதாரண மசோதாவில் ஓட்டுப் போடலாம். ஆனால் அரசமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதிபரைப் பதவிநீக்கும் தீர்மானம் ஆகியவற்றில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. நிபுணர் அவைக்குள் வரட்டும், ஆட்சியை ஆக்கவும் அழிக்கவும் வேண்டாம் என்று எழுத்திலேயே கோடு போட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டத்திலும் அந்தக் கோடு பாதி இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை. மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கும் அப்படியே. புதுச்சேரியிலிருந்து மாநிலங்களவைக்கு ஒருவரை அனுப்பும்போதும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள். டெல்லிக்கு ஒரு எம்.பி.யை அனுப்ப அருகதை இல்லாத ஓட்டு, முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்ப மட்டும் செல்லும் என்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

கோர்ட் கட்டு

அரசலாறு, நல்ல ஒப்பீடு. ஆனால் சிங்கப்பூரை மாதிரியாக எடுக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. 1959 முதல் அங்கே ஒரே கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிஜமாகவே நிறைவேறக்கூடிய நிலை அங்கே வந்ததில்லை. விதி நல்ல விதி, ஆனால் இன்னும் சோதனைக்கு உட்படாத விதி. ஜம்மு காஷ்மீர் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 90 பேரோடு நியமன இடம் ஐந்துக்கு 2019, 2023 சட்டங்கள் வழி செய்தன. அங்கேயும் ஓட்டுக்கு வரம்பு எழுதவில்லை. நெருங்கிய தேர்தல் ஒன்று வந்தால் நம் கதை அங்கேயும் நடக்கும்.

நெல்லித்தோப்பு ஆசிரியை

ஓட்டு யாருக்கு என்பதை நன்றாகப் பேசிவிட்டீர்கள். கவிழ்த்தவருக்கு மறுநாள் என்ன பொறுப்பு என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு போன பிறகு யாரும் ஆட்சி அமைக்க உரிமை கோரவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. கவிழ்க்க 14 பேர் இருந்தார்கள், ஆள ஒருவரும் முன்வரவில்லை.

ஜெர்மனி இதற்காகவே 1949இல் தன் அரசமைப்பில் 67ஆம் பிரிவை எழுதியது. ஹிட்லருக்கு முந்தைய வைமர் குடியரசில் எதிரெதிர்க் கட்சிகள் கவிழ்க்க மட்டும் கைகோத்தன, ஆளச் சேரவில்லை. கடைசி ஆண்டுகளில் அதிபர் 48ஆம் பிரிவின் அவசர ஆணைகளால் நாட்டை ஓட்டினார், ஹிட்லருக்கு வழி திறந்தது. புதிய விதிப்படி பிரதமரை நீக்க வேண்டுமானால் அதே ஓட்டெடுப்பில் அடுத்தவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிக்கு மேல் என்பது வந்தவர்களில் பாதி அல்ல, மொத்த உறுப்பினர்களில் பாதி. 1972இல் எதிர்க்கட்சித் தலைவர் பார்சல் 247 ஓட்டு வாங்கினார், இரண்டு போதவில்லை, பிரதமர் பிராண்ட் நீடித்தார். 1982 அக்டோபர் 1இல் 249 தேவைப்பட்ட இடத்தில் ஹெல்முட் கோல் 256 வாங்கி அன்றே பிரதமர் ஆனார். ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இல்லை. கூட்டாட்சி அளவில் இந்த முறை முயற்சிக்கப்பட்டது இந்த இரண்டு தடவைதான்.

நேபாளம் 2015 அரசமைப்பின் 100ஆம் பிரிவில் இதை எடுத்துக்கொண்டது: தீர்மானத்திலேயே அடுத்த பிரதமர் பெயர் இருக்க வேண்டும், முதல் இரண்டு ஆண்டுகளில் தீர்மானமே கொண்டுவர முடியாது, ஒரு தடவை தோற்றால் அடுத்த ஓராண்டுக்கு மறுபடி கொண்டுவர முடியாது. ஆனாலும் அங்கே பிரதமர்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். காரணம், கூட்டணிக் கட்சி ஆதரவை வாபஸ் வாங்கினால் பிரதமரே நம்பிக்கை ஓட்டுக் கோர வேண்டும். அந்தப் பாதையில் மாற்றுப் பெயர் தேவையில்லை. முன்வாசலைப் பூட்டியவர்கள் கொல்லைப்புறத்தைத் திறந்தே வைத்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டை மணி

டீச்சர், அப்போ பெரும்பான்மை போன அரசு, மாத்து ஆள் கிடைக்கலன்னா உக்காந்துகிட்டே இருக்குமா? பட்ஜெட் எப்படிப் பாஸ் ஆவும்?

நெல்லித்தோப்பு ஆசிரியை

இருக்கலாம் மணி, அதுதான் அந்த விதியின் விலை. அப்போது பிரதமர் தானே நம்பிக்கை ஓட்டுக் கேட்டு, தோற்று, அவையைக் கலைக்கச் சொல்வார். 2024 டிசம்பர் 16இல் ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ் அதைத்தான் செய்தார்: ஆதரவு 207, எதிர்ப்பு 394. கலைப்பதா வேண்டாமா என்று குடியரசுத் தலைவர் முடிவு செய்ய 21 நாள், கலைத்தால் 60 நாளில் தேர்தல். 2025 பிப்ரவரி 23இல் தேர்தல் முடிந்தது. இடைக்காலத்தில் ஆளுநர் ஆட்சி என்ற பேச்சே இல்லை, பழைய அரசே பதவியில் நீடித்தது.

துய்மா வீதி

பிரெஞ்சு முறையைச் சேர்க்காமல் புதுச்சேரியில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்றும் அந்நாட்டு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11ஆம் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1958 அரசமைப்பில் அதிபர், பிரதமர் இருவருக்கும் அதிகாரம். 49ஆம் பிரிவின் 3ஆம் பத்திதான் பலருக்குப் புரியாத இடம். அரசு ஒரு மசோதாவை ஓட்டெடுப்பு இல்லாமல் நிறைவேறியதாக அறிவிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுக்காவிட்டால் மசோதா சட்டம். கொடுத்தாலும், ஆதரவு ஓட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். வராதவர், நடுநிலை வகித்தவர் எல்லாரும் அரசின் பக்கமாகவே கணக்கு. 2023 மார்ச்சில் ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64க்கு உயர்த்தியது இப்படித்தான். தீர்மானத்துக்கு 278 ஓட்டு விழுந்தது, 287 வேண்டும், ஒன்பது குறைந்தது. 2024 டிசம்பர் 2இல் பிரதமர் பார்னியே அதே பிரிவைப் பயன்படுத்தினார், 4ஆம் தேதி 331 பேர் எதிர்த்து அரசு விழுந்தது. 2008க்குப் பிறகு நிதி மசோதாக்கள் தவிர ஒரு கூட்டத்தொடரில் ஒரு மசோதாவுக்கு மட்டும்தான் இந்தப் பிரிவு.

அதிபரும் பிரதமரும் வேறு வேறு கட்சியானால்? 1986, 1993, 1997 என்று மூன்று தடவை அப்படி நடந்தது. உள்நாட்டு நிர்வாகத்தைப் பிரதமர் நடத்தினார், வெளியுறவும் ராணுவமும் அதிபர் பார்த்தார். நம் துணைநிலை ஆளுநர், முதலமைச்சர் இழுபறியோடு அதைச் சமமாக வைக்கக்கூடாது. பாரிஸில் இருவரையும் மக்கள்தான் கொண்டுவந்தார்கள். இங்கே 1963 சட்டத்தின் 44ஆம் பிரிவில் கருத்து வேறுபாடு வந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. எந்த விஷயத்தை அனுப்பலாம், எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று இல்லை. கோப்பு டெல்லியில் கிடக்கும், இலவச அரிசி இங்கே நிற்கும்.

கெடிலக்கரை

கடலூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் பேரவையையே பேசுகிறீர்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வார்டு உறுப்பினரே இல்லாத ஊர். அதைவிடப் பெரிய ஜனநாயகக் குறை எது?

புதுச்சேரியில் 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு 2006இல்தான் அடுத்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதோடு சரி. இதே மண்ணில் 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் யார் ஓட்டுப் போட்டார்கள்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும், 178 பேர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நாடு மாறும் முடிவையே எடுத்த கவுன்சிலர் பதவி, இன்று தெருவிளக்குக்குக்கூட ஆளில்லாமல் கிடக்கிறது. சாக்கடை, குடிநீர், வீட்டு வரி எதற்கும் கமிஷனர் அலுவலகம்தான். கமிஷனரை மாற்ற மக்களிடம் ஓட்டு இல்லை.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்ட ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில், நகர்ப்புறம் 2022 பிப்ரவரி 19இல். மாநகராட்சி ஆன கடலூருக்கு 45 வார்டு உறுப்பினர் அன்றுதான் கிடைத்தார்கள்.

காரைக்கால் அரசலாறு

கெடிலக்கரை சொல்வதற்கு அக்கம்பக்க சாட்சி இலங்கை. மாகாண சபைத் தேர்தல் முறையை 2017இல் மாற்றினார்கள். புது முறைக்குத் தொகுதி எல்லை வரையறுக்க வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிராகரித்தது. பழைய சட்டம் போய்விட்டது, புதியதற்கு எல்லை இல்லை. 2013இல் ஆசையோடு தேர்ந்தெடுத்த வடக்கு மாகாண சபை 2018 அக்டோபரில் முடிந்தது, பிறகு ஆளுநர்தான். தேர்தலை ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. வரையறை முடியவில்லை என்றார்கள், அவ்வளவுதான். இப்படிப் போகிற ஜனநாயகம் போகிற சத்தமே கேட்காது என்பதுதான் என்னை வருத்துகிறது.

கோர்ட் கட்டு

இங்கேயும் அதே இடத்தில்தான் சிக்குகிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கு வரிசை இப்படி: முதலில் வார்டு மறுவரையறை, பிறகு எந்த வார்டு யாருக்கு என்ற இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, பிறகு வார்டு வாரி வாக்காளர் பட்டியல், கடைசியில் தேர்தல் அறிவிக்கை. முதல் இரண்டும் அரசாணை, பின் இரண்டும் மாநிலத் தேர்தல் ஆணையம். அரசு முதல் இரண்டில் ஒரு பிழை விட்டால் போதும், வழக்குப் போடக் காரணம் கிடைத்துவிடும். 2021இல் புதுச்சேரியில் தேதியே அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டில் கோளாறு என்று வழக்கு, அறிவிக்கை வாபஸ்.

பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2010இல் அடிப்படை போட்டு 2021இல் மூன்று நிபந்தனையாகத் தொகுத்தது: தனி ஆணையம் ஒன்று தரவு திரட்ட வேண்டும், ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் விகிதம் தனியாகக் கணக்கிட வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.யோடு சேர்த்து 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இது முடியவில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்று 2022 மே 10இல் மத்தியப் பிரதேச வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணையம் அறிக்கை தராவிட்டால் எஸ்.சி., எஸ்.டி. ஒதுக்கீட்டோடு மட்டும் தேர்தலை நடத்து என்பது உத்தரவு. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் என்பது 243ஈ, 243யூ பிரிவுகளில் அரசமைப்பே இட்ட கட்டளை.

முத்தியால்பேட்டை மணி

அப்போ பிற்பட்டோருக்கு இடமே இல்லாம தேர்தல் நடத்துனா அது எங்களுக்கு நஷ்டம்தானே? அவசரத்துல நீதி போயிடக்கூடாது சார்.

கோர்ட் கட்டு

நியாயமான கவலைதான் மணி. ஆனால் தேர்தலே நடக்காவிட்டால் பிற்பட்டவருக்கும் இடமில்லை, பட்டியல் இனத்தவருக்கும் இல்லை, பெண்களுக்குச் சட்டம் தந்த மூன்றில் ஒரு பங்கும் இல்லை. மூன்று தரப்புக்கும் சேர்த்து நஷ்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கெடிலக்கரை

விதி எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, கடிகாரமும் வேண்டும் என்பதற்குத் தென்கொரியா. 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்தின் 300 பேரில் பாதிக்கு மேல் கேட்டால் அதிபர் விலக்கியே ஆக வேண்டும் என்பது அவர்கள் அரசமைப்பு. வேலி ஏறிக் குதித்து வந்தவர்களையும் சேர்த்து 190 பேர் கூடினார்கள், 190 பேரும் விலக்கு என்றார்கள். மணி அப்போது நள்ளிரவு ஒன்று. டிசம்பர் 14இல் 204 ஓட்டில் பதவிநீக்கத் தீர்மானம், 2025 ஏப்ரல் 4இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக உறுதி செய்தார்கள். அவசரநிலை பற்றிய நம் 352ஆம் பிரிவில் 1978இல் 44ஆம் திருத்தம் ஒரு வழி வைத்தது: மக்களவையில் பத்தில் ஒரு பங்கு பேர், அதாவது 55 பேர், நோட்டீஸ் கொடுத்தால் 14 நாளில் சிறப்புக் கூட்டம். நல்ல வழிதான், ஆனால் சியோலில் ஓட்டெடுப்பே மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது.

வில்லியனூர் வாசகர்

எல்லாருக்கும் நன்றி. சரி, செய்யக்கூடியதற்கு வருவோம். நியமன ஓட்டை வரம்புக்குள் கொண்டுவர அரசமைப்புத் திருத்தம் வேண்டுமா, கோர்ட் கட்டு?

கோர்ட் கட்டு

வேண்டாம். 239ஏ பிரிவின் 2ஆம் உட்பிரிவே, 1963 சட்டத்தை மாற்றுவது அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது என்கிறது. மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தால் முடிந்தது: "நியமன உறுப்பினர், அமைச்சரவை மீதான நம்பிக்கைத் தீர்மானத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் நிதி மசோதாவிலும் வாக்களிக்கலாகாது, அத்தீர்மானங்களுக்கு அவை பலத்தைக் கணக்கிடும்போதும் சேர்க்கப்படலாகாது." பின்பாதி முக்கியம். ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு மொத்த எண்ணிக்கையில் விட்டுவைத்தால், யார் எத்தனை பேருக்குப் பெரும்பான்மை காட்ட வேண்டும் என்று அடுத்த தடவை புது வழக்கு வரும். நமக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். யார் வேண்டுமானாலும் தனிநபர் மசோதாவாகக் கொடுக்கலாம். நிறைவேறுவது கடினம், ஆனால் வாசகம் அவைக் குறிப்பில் ஏறும்.

கெடிலக்கரை

மசோதா டெல்லி பார்த்துக்கொள்ளட்டும். உள்ளாட்சிக்கு உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டு மனு போடுங்கள். ஒன்று உள்ளாட்சித் துறைக்கு: வார்டு மறுவரையறை ஆணை எண்ணும் தேதியும், இட ஒதுக்கீட்டுச் சுழற்சிக் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பதும். இன்னொன்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு: தேர்தல் நடத்தக் கேட்டு அரசுக்கு எழுதிய கடிதங்களின் நகல். "ஏன் நடத்தவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்த நகல்கள் கையில் இருந்தால்தான் 2022 மே தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட முடியும்.

நெல்லித்தோப்பு ஆசிரியை

மனுவைக் கொம்யூன் வாரியாகத் தனித்தனியாகப் போடுவது நல்லது. ஒரே மனுவில் பதினைந்து உள்ளாட்சியையும் கேட்டால், தகவல் பல அலுவலகங்களில் இருக்கிறது என்று திருப்பி அனுப்ப இடமுண்டு. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுக்கு மாதிரி வாசகம் எழுதி நாளை இங்கே போடுகிறேன். காரைக்கால் ஐந்துக்கும் அரசலாறு பார்த்துக்கொள்ள முடியுமா?

காரைக்கால் அரசலாறு

சரிங்க டீச்சர். கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஐந்துக்கும் நான் எழுதுகிறேன். மாஹேக்கும் ஏனாமுக்கும் தமிழ் மனு உதவாது, மலையாளத்திலும் தெலுங்கிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் கை கொடுங்கள்.